பறக்கும் பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும். இது பழமொழி. தரையில் ஊர்ந்து போகும் பாம்பைக் கண்டே படை நடுங்கும் என்றால், மரத்துக்கு மரம் பாயும் பாம்பைக் கண்டால் என்ன ஆகும்?

அப்படி ஒரு பாம்பு உண்மையிலேயே இருக்கிறது. அதன் பெயர் பறக்கும் பாம்பு. மலையாளத்தில் அதை நாகத்தான் பாம்பு என்பார்கள். பார்க்க மிக அழகானது. அதற்குக் கொஞ்சம் விஷமும் உண்டு. ஆனால் அந்த விஷம் மனிதரைக் கொல்லாது.

இது தெரியாததால் பலர் அதை அடித்துக் கொல்கிறார்கள். வேறு சிலர் உண்மையான விஷப்பாம்பைச் சாதுவான பாம்பு என்று நினைத்து ஏமாறுகிறார்கள். இரண்டுமே தவறு. முதல் தவறால் ஒரு நல்ல உயிர் போகிறது. இரண்டாவது தவறால் மனித உயிரே போகலாம். ஆகவே பாம்பைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது.

எங்கே வாழ்கிறது?

கேரளத்தின் கிழக்கு ஓரம் முழுவதும் மேற்குத் தொடர்ச்சி மலை நீண்டு கிடக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்தப் பக்கம் கேரளம். பாலக்காடு மாவட்டத்தில் பரம்பிக்குளம், நெல்லியாம்பதி, அமைதிப் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் பெரிய காடுகள் உள்ளன. இடுக்கி மாவட்டத்தில் சின்னாறு, பெரியாறு ஆகிய இடங்களில் காடுகள் உள்ளன. காட்டை ஒட்டி ஏலத்தோட்டம், காப்பித்தோட்டம், தேயிலைத் தோட்டம் எல்லாம் இருக்கின்றன.

இந்த எல்லைப் பகுதியில் தமிழர் பலர் வாழ்கிறார்கள். கம்பம், போடி போன்ற ஊர்களிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. காலையில் போய் மாலையில் திரும்புவார்கள். அவர்கள் நாள் முழுவதும் செடி கொடிகளுக்கு நடுவே நிற்கிறார்கள். பாம்பைப் பற்றித் தெரிந்துகொள்வது அவர்களுக்கு மிகவும் தேவை.

பறக்கும் பாம்பு இப்படிப்பட்ட மலைக்காடுகளில் வாழ்கிறது. மரம் நிறைந்த தோட்டங்களிலும் வாழும். இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களிலும் இது உண்டு. பர்மா, தாய்லாந்து போன்ற நாடுகளிலும் உண்டு. இலங்கையில் இதன் நெருங்கிய உறவுப் பாம்பு ஒன்று இருக்கிறது.

எப்படி இருக்கும்?

பறக்கும் பாம்பு பெரிய பாம்பு அல்ல. நீளம் ஏறக்குறைய 1 மீட்டர் இருக்கும். சில பாம்புகள் அதற்கும் சற்று நீளமாக வளரும். உடல் மெல்லியது. சாரைப்பாம்பின் பருமன் இதற்குக் கிடையாது. வால் நீளமானது.

உடலின் நிறம் கறுப்பு. கறுப்பின் மேல் மஞ்சளும் பச்சையும் கலந்த குறுக்குக் கோடுகள் இருக்கும். முதுகின் நடுவே சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பார்த்தால் சிறு பூக்களைக் கோத்து வைத்தது போல் தெரியும். தலையும் கறுப்பு. அதன் மேல் மஞ்சள் பட்டைகள் இருக்கும். தலை தட்டையானது. கண்கள் பெரியவை.

இது பகலில் நடமாடும் பாம்பு. பெரும்பாலும் மரத்தில்தான் இருக்கும். கிளையில்லாத நெட்டை மரத்திலும் நேராக ஏறிவிடும். எப்படி ஏறுகிறது? அதன் வயிற்றுச் செதில்களின் இரு ஓரத்திலும் மடிப்பு போன்ற விளிம்பு இருக்கிறது. அந்த விளிம்பு மரப்பட்டையின் சொரசொரப்பைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்துப் பாம்பு மேலே போகும்.

எப்படிப் பறக்கிறது?

பறவைக்குச் சிறகு உண்டு. வௌவாலுக்குத் தோல் இறக்கை உண்டு. பாம்புக்கு இரண்டும் இல்லை. பிறகு எப்படிப் பறக்கிறது?

உண்மையில் அது பறப்பதில்லை. காற்றில் சறுக்கிக்கொண்டு இறங்குகிறது. உயரத்திலிருந்து தாழ்வான இடத்துக்கு மட்டுமே அதனால் போக முடியும். தரையிலிருந்து மேலே எழும்ப முடியாது.

முதலில் பாம்பு கிளையின் நுனிக்கு வரும். வாலால் கிளையைப் பிடித்துக்கொண்டு உடலைக் கீழே தொங்கவிடும். பிறகு உடலை வளைத்து, மேல்நோக்கி உந்தி, ஒரே பாய்ச்சலாகப் பாயும்.

பாய்ந்தவுடன் விலா எலும்புகளை விரித்துக்கொள்ளும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். உருண்டையாக இருந்த உடல் நாடா போல் தட்டையாகிவிடும். அகலம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வயிற்றுப் பக்கம் குழிவாக இருக்கும். வாழைமட்டையைக் கவிழ்த்துப் பிடித்தால் எப்படி இருக்கும்? அதுபோல இருக்கும். இந்த வடிவத்தைக் கீழிருந்து காற்று தாங்குகிறது. அதனால் பாம்பு கல் போல் விழுவதில்லை. காகிதம் போல் மிதந்து இறங்குகிறது.

காற்றில் போகும்போதும் பாம்பு சும்மா இருப்பதில்லை. தண்ணீரில் நீந்துவது போல் உடலை நெளித்துக்கொண்டே போகும். ஏன் நெளிகிறது? இதை அறிவியலாளர் நெடுநாள் ஆராய்ந்தார்கள்.

2002-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. சிங்கப்பூரில் 10 மீட்டர் உயரமான ஒரு கோபுரத்திலிருந்து பறக்கும் பாம்புகளைப் பாயவிட்டுப் படம் பிடித்தார்கள். 2020-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்று இன்னோர் ஆராய்ச்சியை வெளியிட்டது. பாம்பின் உடலில் பளபளக்கும் சிறு துண்டுகளை ஒட்டினார்கள். பெரிய அரங்கத்துக்குள் பாயவிட்டார்கள். பல கேமராக்கள் வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

விடை கிடைத்தது. நெளியாவிட்டால் பாம்பு காற்றில் குப்புறக் கவிழ்ந்துவிடும். நெளிவதால்தான் சாயாமல் போகிறது. சைக்கிள் ஓடும்போது விழாமல் நிற்பது போல, நெளிந்துகொண்டே இருப்பதால் பாம்பு நிலையாக இறங்குகிறது.

இரண்டு ஆராய்ச்சியிலும் பாயவிட்டவை தென்கிழக்கு ஆசியாவில் வாழும் பறக்கும் பாம்புகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளது அவற்றின் உறவுதான்.

இந்த மலையில் காற்றில் சறுக்கும் உயிர்கள் வேறு சிலவும் உண்டு. பறக்கும் அணில் இருக்கிறது. பறக்கும் ஓணான் இருக்கிறது. விரல்களுக்கு நடுவே தோலை விரித்துத் தாவும் தவளையும் இருக்கிறது. எல்லாம் உயர்ந்த மரங்களை நம்பி வாழும் உயிர்கள்.

என்ன தின்னும்?

பல்லி, ஓணான், சிறு எலி, வௌவால், சிறு பறவை ஆகியவற்றைப் பறக்கும் பாம்பு தின்னும். இரையைத் துரத்திப் போய்ப் பிடிக்கும். கழுத்தைக் கவ்வி மென்று கொல்லும். பிறகு விழுங்கும்.

வீட்டுக் கூரையில் பல்லி நிறைய இருக்கும். அதைத் தேடிப் பாம்பு சில நேரம் கூரைக்கு வந்துவிடும். அது மனிதரைத் தேடி வருவதில்லை. பல்லியைத் தேடி வருகிறது.

இது முட்டையிடும் பாம்பு. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 6 முதல் 12 முட்டைகள் இடும்.

விஷம் உண்டா?

உண்டு. ஆனால் மிகக் கொஞ்சம்.

நாகப்பாம்புக்கும் விரியனுக்கும் விஷப்பல் வாயின் முன்பக்கம் இருக்கும. கடித்த உடனே விஷம் உள்ளே இறங்கும். பறக்கும் பாம்புக்கு விஷப்பல் வாயின் பின்பக்கம் இருக்கிறது. பல்லும் சிறியது. இரையை வாய்க்குள் வைத்து மென்றால்தான் விஷம் இறங்கும். ஒரு பல்லியை மயக்க அந்த விஷம் போதும். மனிதருக்கு அதனால் ஆபத்து இல்லை. கடித்த இடத்தில் கொஞ்சம் வலி இருக்கலாம். கொஞ்சம் வீக்கம் வரலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இது சுறுசுறுப்பான பாம்பு. கையால் பிடித்தால் கட்டாயம் கடிக்கும். சும்மா விட்டால் தன் வழியே போகும்.

பயமும் உண்மையும்

ஏலத்தோட்டத்தில் வேலைக்கு நடுவே பெண்கள் இருவர் இப்படிப் பேசிக்கொள்ளலாம்:

"மதினி, அந்த மரத்துல இருந்து இந்த மரத்துக்கு ஒரு பாம்பு பறந்துச்சு. பாத்தீகளா?"

"ஆத்தீ! பறக்குற பாம்பா? பறந்து வந்து நம்மளக் கொத்தாதா?"

"அதுக்கு நம்ம எதுக்கு மதினி? அது பல்லியப் பிடிக்கப் போகுது. நேத்து அறிவொளி வகுப்புல டீச்சர் சொன்னாக."

"என்னமோ போ. பாம்புன்னா எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

மதினியின் பயம் புதிதல்ல. மரத்தில் வாழும் பாம்புகளைப் பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. கொம்பேறி மூக்கன் என்று ஒரு பாம்பு. அது கடித்துவிட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். கடிபட்டவரைச் சுடுகாட்டில் எரிக்கும் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்குமாம். உண்மை என்ன? கொம்பேறி மூக்கனுக்கு மனிதரைக் கொல்லும் விஷமே இல்லை. மரத்தில் வாழும் பாம்பு மரத்தில் ஏறுகிறது. அவ்வளவுதான்.

பச்சைப் பாம்பைக் கண்கொத்திப் பாம்பு என்பார்கள். கண்ணைப் பார்த்துக் கொத்தும் என்பது பேச்சு. அதுவும் உண்மை அல்ல. கிளையோடு கிளையாக அசையாமல் இருக்கும் அந்தப் பாம்பை யாராவது முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தால் முகத்தில் கடிக்கும். வேறு எங்கே கடிக்கும்? பச்சைப் பாம்புக்கும் விஷம் லேசானதுதான்.

பறக்கும் பாம்பும் அப்படித்தான். அது மனிதர் மேல் குறி வைத்துப் பாய்வதில்லை. எதிரியிடமிருந்து தப்பப் பாயும். இரையைத் தேடிப் பாயும். மரத்திலிருந்து இறங்கி ஏறும் வேலையை மிச்சப்படுத்தவும் பாயும்.

வண்ணப் பாம்பெல்லாம் ஒன்றல்ல

மதினி சொன்னதில் ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. தெரியாத பாம்பிடம் எச்சரிக்கை வேண்டும். ஏனென்றால் அதே தோட்டத்தில் வேறு ஒரு வண்ணப் பாம்பும் வாழ்கிறது. அதுதான் மலபார் குழிவிரியன்.

குழிவிரியனும் சிறிய பாம்பு. அதுவும் அழகானது. ஒன்று பச்சையாக இருக்கும். இன்னொன்று பழுப்பாக இருக்கும். மஞ்சள் நிறத்திலும் இருக்கும். ஆனால் அதன் விஷம் லேசானது அல்ல. கடித்தால் கடுமையான வலி வரும். கை கால் பெரிதாக வீங்கும்.

இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது?

பறக்கும் பாம்பு பகலில் ஓடியாடும். குழிவிரியன் பகலில் அசையாமல் சுருண்டு கிடக்கும். இரவில்தான் இரை தேடும்.

பறக்கும் பாம்பின் உடல் ஒல்லி, வால் நீளம். குழிவிரியனின் தலை முக்கோணமாக இருக்கும், கழுத்து மெலிந்திருக்கும்.

பறக்கும் பாம்பு உயரமான மரத்தில் இருக்கும். குழிவிரியன் ஓடைக்கரையில், பாறையில், தாழ்ந்த கிளையில் இருக்கும். ஏலச்செடியிலும் காப்பிச்செடியிலும் இருக்கும். அதாவது, வேலை செய்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்.

இன்னொரு குழிவிரியனும் உண்டு. அது சிறியது, பழுப்பு நிறமானது. மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். உதிர்ந்த இலைகளுக்குள் இலை போலவே கிடக்கும். அதன் கடியால் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. உயிரும் போயிருக்கிறது.

ஆகவே நிறத்தைப் பார்த்து விஷத்தை முடிவு செய்யக் கூடாது. அளவைப் பார்த்தும் முடிவு செய்யக் கூடாது. எந்தப் பாம்பு கடித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடித்தது விஷப்பாம்பா, இல்லையா என்று டாக்டர் சொல்லட்டும்.

கடித்தால் என்ன செய்வது?

நம் நாட்டில் 2000 முதல் 2019 வரையான 20 ஆண்டுகளில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இதில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். பலர் ஆஸ்பத்திரிக்குப் போகாமலே வீட்டில் இறந்தார்கள். நேரத்தோடு போயிருந்தால் பலரும் பிழைத்திருக்கலாம்.

செய்ய வேண்டியவை:

1. கடிபட்டவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும். ஓடவோ நடக்கவோ விடக் கூடாது.

2. மோதிரம், வளையல், கொலுசு, இறுக்கமான துணி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். வீக்கம் வந்த பிறகு கழற்ற முடியாது.

3. கடிபட்ட கையை அல்லது காலை அசைக்கக் கூடாது. எலும்பு முறிந்தால் கட்டுவது போல, ஒரு குச்சியை வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டலாம்.

4. கடித்த நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

5. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். அல்லது கிடைத்த ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

செய்யக் கூடாதவை:

1. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. இரத்த ஓட்டம் நின்று கையோ காலோ அழுகிவிடும்.

2. பிளேடால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது.

3. மந்திரம், பச்சிலை என்று நேரத்தைக் கடத்தக் கூடாது. விஷமில்லாத பாம்பு கடித்தவர் எப்படியும் பிழைப்பார். மந்திரத்தால் பிழைத்தார் என்று ஊர் சொல்லும். அதை நம்பி, விரியன் கடித்தவர் அங்கே போனால் உயிர் போய்விடும்.

4. பாம்பைத் துரத்திப் பிடிக்கப் போகக் கூடாது. அது இன்னொருவரையும் கடிக்கும்.

விஷமுறிவு மருந்து

பாம்பு விஷத்துக்கு மருந்து பாம்பு விஷத்திலிருந்தே வருகிறது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஊசி மூலம் ஏற்றுவார்கள். குதிரையின் இரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் சத்து உண்டாகும். அதைப் பிரித்து மருந்து செய்வார்கள்.

இதற்கு விஷம் எடுத்துத் தருகிறவர்களில் இருளர்கள் முக்கியமானவர்கள். 1978-ல் சென்னைக்கு அருகே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அவர்கள் பாம்பைப் பிடித்து விஷம் எடுத்த பிறகு, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்தச் சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியிலும் இருளர் மக்கள் வாழ்கிறார்கள்.

இந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளின் விஷத்துக்காகச் செய்யப்படுகிறது. குழிவிரியன் விஷத்துக்காகச் செய்யப்படவில்லை. குழிவிரியன் கடித்தவருக்கு டாக்டர்கள் வேறு சிகிச்சை தருவார்கள். இரத்தம் உறைகிறதா, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்ப்பார்கள். ஆகவே அதற்கும் ஆஸ்பத்திரிதான் வழி.

வராமல் காப்பது

தோட்டத்தில் ரப்பர் பூட்ஸ் அணிவது நல்லது. சருகுக் குவியலில் கையை விடும் முன் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். ஏலச்செடிக்குள் கையை நுழைக்கும் முன் ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும். இரவில் வெளியே போனால் டார்ச் வேண்டும். தரையில் படுக்காமல் கட்டிலில் படுப்பது நல்லது. கொசுவலை பாம்பையும் தடுக்கும்.

பறக்கும் பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்த வேண்டும். கதவையும் சன்னலையும் திறந்துவிட்டால் அதுவே வெளியே போகும். போகாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லலாம். கேரள வனத்துறை 'சர்ப்பா' என்ற செல்போன் செயலியை நடத்துகிறது. பயிற்சி பெற்ற பாம்பு மீட்பவர்களின் விவரமும், விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிகளின் விவரமும் அதில் கிடைக்கும்.

காடு இருந்தால்தான் பாம்பு

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புகளைக் காக்கிறது. பாம்பைப் பிடித்து வைத்து வித்தை காட்டுவது குற்றம். தோலுக்காகக் கொல்வதும் குற்றம்.

ஆனால் சட்டம் மட்டும் போதாது. பறக்கும் பாம்புக்கு மரம் வேண்டும். ஒரு மரம் இருந்தால் ஏறலாம். பக்கத்தில் இன்னொரு மரம் இருந்தால்தான் பாயலாம். ஏலத்தோட்டத்தின் நிழல் மரங்களை வெட்டிவிட்டால், தரையில் இறங்கித்தான் அது போக வேண்டும். தரையில் ரோடு இருக்கிறது. ரோட்டில் ஜீப் ஓடுகிறது. மனிதர் கையில் கம்பு இருக்கிறது.

மரத்தில் இருக்கும் வரை பறக்கும் பாம்பால் யாருக்கும் தொல்லை இல்லை. மரத்தையும் விட்டுவைப்போம். பாம்பையும் விட்டுவைப்போம்.

பயிற்சி

விடை சொல்லுங்கள்:

1. பறக்கும் பாம்பு காற்றில் எப்படிச் சறுக்குகிறது?

2. பறக்கும் பாம்பின் விஷப்பல் எங்கே இருக்கிறது?

3. குழிவிரியனை எப்படி அடையாளம் காணலாம்?

4. பாம்பு கடித்த இடத்துக்கு மேலே ஏன் கயிறு கட்டக் கூடாது?

சரியா, தவறா?

1. கொம்பேறி மூக்கன் சுடுகாட்டுப் புகையைப் பார்க்க மரம் ஏறுகிறது.

2. பறக்கும் பாம்பு தரையிலிருந்து மேலே பறக்கும்.

3. எந்தப் பாம்பு கடித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கூடிப் பேசுங்கள்:

உங்கள் ஊரில் எந்தெந்தப் பாம்புகள் இருக்கின்றன? அவற்றைப் பற்றி என்ன கதைகள் சொல்கிறார்கள்? உங்கள் ஊருக்கு அருகில் எந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது? கேட்டு எழுதி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.